வானத்துப் பாதையை எழுதுவது யார்?

வெளிநாட்டுக்குப் பயணமாகும் பெண்களுக்கான வழிகாட்டல் வகுப்புகளில் எழும் கேள்விகளில் பெரும்பாலானவை எமக்குப் பழக்கமானவை. கடவுச்சீட்டு யார் கையில் இருக்க வேண்டும்? ஒப்பந்தப் பிரதியை வீட்டில் யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது? சம்பளத்தை எப்படி அனுப்புவது? இவற்றுக்கிடையே மடவளையைச் சேர்ந்த சகோதரி ஒருவர் கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். "மிஸ், பஸ்ஸுக்கு ரோட்டு இருக்கு, ரயிலுக்குத் தண்டவாளம் இருக்கு. ராத்திரியில மேகத்துக்குள்ள போற ப்ளேனுக்கு வழி சொல்றது யாரு?"

"ஜீ.பீ.எஸ். சொல்லும்" என்று பக்கத்திலிருந்த இளம் பெண் தனது கையடக்கத் தொலைபேசியை உயர்த்திக் காட்டினார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால், அந்தப் பதிலில் பாதிதான் சரி. மற்றப் பாதியைத் தேடிப் படித்தபோதுதான், வானத்திலும் ஒரு பதிவேடு இருக்கிறது, அதைச் சிலர் நான்கு வாரங்களுக்கு ஒரு தடவை புதுப்பித்துக் கொண்டே இருக்கிறார்கள் என்ற விபரம் எனக்குத் தெரியவந்தது. எமது ஊர்களில் மத்திய கிழக்கில் ஓர் உறவினராவது இல்லாத குடும்பங்கள் குறைவு. உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் போய்வருகின்ற தாய்மார் அநேகர். எனவே இது விமானிகளுக்கு மட்டுமே உரிய விடயம் என்று ஒதுக்கிவிட முடியாது.

எங்கே இருக்கிறோம்?

ஜீ.பீ.எஸ். என்பது அமெரிக்கா அமைத்த செய்மதித் தொகுதி. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் குறைந்தது 24 செய்மதிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவை அனுப்புவது பாதையை அல்ல, நேரத்தை! நான்கு செய்மதிகளின் நேரக் குறிப்புகள் வந்துசேரும் சிறு சிறு தாமதங்களை ஒப்பிட்டு, விமானத்திலுள்ள பெட்டி தான் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுக் கொள்கிறது. அந்தக் கணக்குச் சரியாக வர, பூமியின் உருவமும் துல்லியமாகத் தெரிய வேண்டும். பூமி சரியான உருண்டையல்ல. அதன் மேடு பள்ளங்களைக் கணனியில் கணித்துத் தந்தவர்களில் ஒருவர் கிளாடிஸ் வெஸ்ட் என்ற கறுப்பினப் பெண்மணி. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஏழை விவசாயக் குடும்பமொன்றில் 1930இல் பிறந்து, புலமைப்பரிசில் பெற்றுக் கணிதம் படித்து, 1956இல் கடற்படையின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தவர். அவரது பங்களிப்பு பல பத்தாண்டுகள் கழித்து 2018இல்தான் பரவலாகக் கௌரவிக்கப்பட்டது.

இந்த வசதி இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு எமது மலைநாட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஜித்தா நோக்கிப் புறப்பட்ட மார்ட்டின் எயார் விமானம், இடையில் கட்டுநாயக்கவில் இறங்க வந்தது. அதில் 182 ஹஜ் யாத்திரிகர்களும் 9 பணியாளர்களும் இருந்தனர். விமான நிலையத்துக்கு அண்மையில் வந்துவிட்டோம் என்று எண்ணிய விமானிகள் உயரத்தைக் குறைத்தார்கள். உண்மையில் இன்னும் சுமார் 40 கடல் மைல், அதாவது எழுபது கிலோமீற்றருக்கு மேல் இருந்தது. நோர்ட்டன் பிரிட்ஜ் அருகேயுள்ள ஏழு கன்னியர் மலையில் விமானம் மோதியது. 191 பேரில் ஒருவர்கூட உயிர் தப்பவில்லை. தாம் இருக்கும் இடத்தைத் தவறாக அடையாளம் கண்டதே காரணம் என்று விசாரணை கூறியது. விமானத்திலிருந்த அக்காலக் கருவிகளைக் கொண்டு இடத்தைப் பிழையாக ஊகிக்க இடமிருந்தது.

1983இல் தென் கொரியப் பயணிகள் விமானம் ஒன்று பாதை விலகி சோவியத் வான்பரப்பில் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தனர். அதன் பின்னரே, இராணுவத் தேவைக்கு உருவாக்கப்பட்ட ஜீ.பீ.எஸ்.ஸைப் பொதுமக்களும் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க ஜனாதிபதி ரீகனின் அரசாங்கம் அறிவித்தது.

அங்கே என்ன இருக்கிறது?

சரி, இடம் தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் மலை இருக்கிறதா, ஓடுபாதை இருக்கிறதா? இதைச் செய்மதி சொல்லாது. அதைச் சொல்வது பெட்டிக்குள் ஏற்கெனவே பதிந்து வைத்திருக்கும் தகவல் தொகுதிதான். உலகிலுள்ள விமான நிலையங்கள், ஒவ்வோர் ஓடுபாதையின் நீளமும் திசையும், வானொலி வழிகாட்டி நிலையங்கள், வானத்தில் ஐந்தெழுத்துப் பெயரிட்டுக் குறித்த சந்திகள், எந்தப் பாதையில் எவ்வளவு உயரத்துக்குக் கீழே வரக்கூடாது என்ற கட்டளைகள் எல்லாம் அதில் அடங்கும். கட்டுநாயக்கவுக்கு வீ.சீ.பீ.ஐ. என்று குறியீடு. விமானி அந்த நான்கு எழுத்துகளைத் தட்டினால் நிலையத்தின் முழு விபரமும் திரையில் வந்துவிடும்.

"மலை நகர்ந்துவிடப் போகிறதா? ஒரு தடவை எழுதினால் போதாதா?" என்று தோன்றலாம். மலை நகராதுதான். ஆனால் மனிதன் சும்மா இருப்பதில்லையே! எமது நாட்டையே எடுத்துக்கொள்வோம். மத்தள விமான நிலையம் 2013 மார்ச்சில் திறக்கப்பட்டது. பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாக 2019 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. கட்டுநாயக்க ஓடுபாதையைப் புதுப்பிப்பதற்காக 2017 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தினமும் காலை 8.30இலிருந்து மாலை 4.30 வரை மூடினார்கள். அந்த மூன்று மாதங்களில் பயணித்தவர்களுக்கு நடுச்சாமப் புறப்பாடுகள் நினைவிருக்கும். இப்படிக் குறுகிய கால மாற்றங்களுக்கு விமானிகளுக்கென்று தனி அறிவித்தல் போகும். நிலையான மாற்றங்கள் பதிவேட்டில் ஏற வேண்டும்.

இன்னும் விசித்திரமான காரணமும் உண்டு. திசைகாட்டியின் ஊசி காட்டும் வடக்கு ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நகர்கிறது. ஓடுபாதையின் இலக்கம் அந்த வடக்கை வைத்தே இடப்படுகிறது. எனவே ஓடுபாதை அசையாமல் கிடக்க, அதன் பெயர் மாறிவிடும்! லண்டனுக்கு அருகிலுள்ள ஸ்டான்ஸ்டெட் நிலையம் 2009இலும், அமெரிக்காவின் டாம்பா நிலையம் 2011இலும் இப்படித் தமது ஓடுபாதைகளுக்குப் புது இலக்கம் எழுதின.

நிலத்தை நெருங்கினால் எச்சரிக்கும் கருவியும் இன்று பெரிய விமானங்களில் இருக்கிறது. ஏழு கன்னியர் மலை போன்ற விபத்துகளைப் பெருமளவு குறைத்தது அதுதான். அதற்குள்ளும் ஒரு பதிவேடு இருக்கிறது. புதிய ஓடுபாதை அதில் ஏறாவிட்டால், ஒழுங்காக இறங்க வரும் விமானத்தைப் பார்த்துக் கூட அது வீணாக அலறக்கூடும். வீணாக அலறும் கருவியை மனிதர் எவ்வளவு நாள் நம்புவார்கள்?

பழைய நேரமா, புதிய நேரமா?

இந்த மாற்றங்களை ஒவ்வொருவரும் தமக்கு வசதியான நாளில் செய்தால் என்னவாகும்? இலங்கையர் எமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1996இல் நாட்டின் கடிகாரங்கள் இரண்டு தடவை மாற்றப்பட்டன. 2006 ஏப்ரலில் பழைய இடத்துக்கே திரும்பின. இடைப்பட்ட பத்து வருடங்களில் "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று கேட்காமல் கலியாண வீட்டுக்குப் போக முடிந்ததா? வீட்டுக் கடிகாரம் ஒன்று, பள்ளிவாசல் கடிகாரம் ஒன்று, உம்மம்மாவின் மனக்கடிகாரம் வேறொன்று. கலியாண வீட்டுக்கு அரை மணி பிந்தினால் சோறு ஆறிப்போகும், அவ்வளவுதான். எதிரெதிரே வரும் இரண்டு விமானங்களில் ஒன்றிடம் பழைய பாதையும் மற்றதிடம் புதிய பாதையும் இருந்தால்?

இதனால்தான் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1964இல் ஒரு நியதியை ஏற்படுத்தியது. முக்கியமான மாற்றங்கள் எந்த நாட்டில் ஏற்பட்டாலும் 28 நாட்களுக்கு ஒரு தடவை, குறித்த வியாழக்கிழமைகளில்தான் அமுலுக்கு வர வேண்டும். உலகம் முழுவதற்கும் ஒரே நாள். 2026ஆம் ஆண்டின் முதலாவது நாள் ஜனவரி 22, அடுத்தது பெப்ரவரி 19. கிரீன்விச் நேரப்படி நள்ளிரவு, எமக்கோ அதிகாலை 5.30 மணி. சுபஹு தொழுகை முடிந்து எமது தாய்மார் தேநீருக்குத் தண்ணீர் வைக்கும் வேளையில் வானத்தின் பதிவேடு ஒரு பக்கம் புரள்கிறது.

புரளும் பக்கத்தை முன்கூட்டியே எழுதி அனுப்பவும் வேண்டும். மாற்றம் பற்றிய தகவல் அமுலுக்கு வரும் நாளுக்கு 28 நாட்களுக்கு முன்னரேனும் உரியவர் கைக்குக் கிடைத்திருக்க வேண்டும். அதற்காக 42 நாட்களுக்கு முன்னரே வெளியிட வேண்டும் என்பது விதி. இலங்கையில் இப்பொறுப்பு சிவில் விமான சேவைகள் அதிகார சபையையும், விமான நிலையங்களை நடத்தும் நிறுவனத்தின் தகவல் சேவைப் பிரிவையும் சார்ந்தது. இங்கிருந்து போகும் தகவலை வெளிநாட்டுத் தரவு நிறுவனங்கள் வாங்கி, கருவிகளுக்குப் புரியும் மொழியில் மாற்றி விநியோகிக்கின்றன.

அந்நிறுவனங்களில் மிகப் பழையது தொடங்கிய கதை சுவையானது. 1930களில் அமெரிக்காவில் எல்ரி ஜெப்பசன் என்ற அஞ்சல் விமானி இருந்தார். விமானிகளுக்கென்று போதிய வரைபடங்கள் இல்லாத காலம். சக விமானிகள் ஒவ்வொருவராக மலையில் மோதி இறப்பதைக் கண்ட அவர், பத்துச் சதத்துக்கு ஒரு கொப்பி வாங்கினார். இறங்கு தளங்களின் நீளம், மலைகளின் உயரம், வானிலை எப்படி என்று போன் பண்ணிக் கேட்கக்கூடிய விவசாயிகளின் தொலைபேசி இலக்கம் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தார். உயரம் அளக்கத் தாமே மலையேறினார். அந்தக் குறிப்புகளை மற்ற விமானிகள் கேட்கத் தொடங்கவே, பிரதி பத்து டொலருக்கு விற்றார். 1936இல் அவர் மணந்த நடீன், முன்னர் விமானப் பணிப்பெண்ணாக இருந்தவர். இருவருமாக வீட்டிலிருந்தே அத்தொழிலை வளர்த்தார்கள். நிறுவனத்தின் பெயர் ஜெப்பசன்தான், நடீனின் பெயர் பலகையில் இல்லை. இது எமக்குப் புதிதல்லவே!

அந்தக் கொப்பி இன்று ஒரு நகத்தளவுக்குச் சுருங்கிவிட்டது. எமது பொல்கொல்ல நீர்த்தேக்கத்தில் சிறு விமானங்கள் வந்து தண்ணீரில் இறங்கியதைப் பிள்ளைகளுடன் நின்று பார்த்தவர்கள் இருப்பீர்கள். அவ்வகை விமானங்களில் கார்மின் போன்ற நிறுவனங்களின் ஜீ.பீ.எஸ். பெட்டிகள் பொருத்தப்பட்டிருக்கும். சந்தா கட்டிய உரிமையாளர் புதிய தரவைக் கணனியில் இறக்கி, கெமராவில் போடுவது போன்ற ஒரு சிறிய மெமரி கார்டில் பதிந்து, பெட்டியில் செருக வேண்டும். பெட்டியை இயக்கியதும் முதலில் தெரிவது தரவு எந்தத் திகதி வரை செல்லும் என்பதுதான். பால்மா பக்கற்றில் காலாவதித் திகதி பார்ப்பது போல விமானி அதைப் பார்க்க வேண்டும். பெரிய விமானங்களில் இதைப் பொறியியலாளர்கள் செய்கிறார்கள். அவற்றின் வழிகாட்டிக் கணனியில் நடப்பு மாதத் தொகுதியும் அடுத்த தொகுதியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். நேரம் வந்ததும் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறிக்கொள்ளலாம். போயிங் 747இன் பிந்திய ரகம் இதற்குப் பழைய ப்ளொப்பி டிஸ்க்கையே பயன்படுத்தியது என்பது 2020இல் பலரை வியப்பில் ஆழ்த்தியது.

திருத்தியவர் சொல்லவில்லை

பதிவேட்டில் ஒரு சிறு முரண்பாடு என்ன செய்யும்? 1995 டிசம்பர் 20ஆம் திகதி அமெரிக்கன் எயார்லைன்ஸ் விமானம் ஒன்று கொலம்பியாவின் காலி நகரில் இறங்க வந்தது. "ரோசோ" என்ற வழிகாட்டி நிலையத்துக்குப் போக வேண்டும். விமானியின் கையிலிருந்த கடதாசி வரைபடத்தில் அதன் அடையாளம் "ஆர்" என்ற ஓர் எழுத்து. கணனியிலோ அதே எழுத்தைத் தட்டினால் முதலில் வருவது தலைநகர் பொகோட்டாவுக்கு அருகிலுள்ள "ரோமியோ" என்ற இன்னொரு நிலையம். ரோசோவை எடுக்க முழுப் பெயரையும் எழுத வேண்டியிருந்தது. விமானி ஓரெழுத்தைத் தட்டினார். விமானம் இருட்டில் கிழக்கே திரும்பியது. அவர்கள் தவறை உணர்ந்து திருப்பும்போது பிந்திவிட்டது. 163 பேரில் நால்வரே தப்பினர். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நீதிமன்றமொன்றின் நடுவர் குழு, பொறுப்பில் 75 வீதம் விமான நிறுவனத்துக்கும், 17 வீதம் தரவைத் தயாரித்த ஜெப்பசனுக்கும், 8 வீதம் கணனி செய்த ஹனிவெல்லுக்கும் உரியது என்று பிரித்தது.

இதைவிட என் மனதை வருத்தியது நியூஸிலாந்தின் கதை. அது ஜீ.பீ.எஸ். காலத்துக்கு முந்தியது. ஆனால் விமானத்தின் கணனிக்குள் இடக்குறிகளை ஏற்றும் வேலை அன்றும் இருந்தது. எயார் நியூஸிலாந்து நிறுவனம் ஒக்லாந்திலிருந்து அந்தாட்டிக்காவின் பனிப்பரப்பைக் காட்டிவரும் உல்லாசப் பயணங்களை நடத்தியது. 1978இல் அதன் பாதையைக் கணனியில் பதிந்தபோது ஓர் இலக்கம் பிசகியது. 166 பாகை என்று வர வேண்டியது 164 என்று பதிவாகியது. 6க்குப் பதிலாக 4. அந்தப் பிழையால் பாதை சுமார் 43 கிலோமீற்றர் மேற்கே விலகி, எரிபஸ் என்ற எரிமலைக்கு நேரே போகாமல் தட்டையான பனிக்கடலுக்கு மேலே அமைந்தது. பிழையான பாதை பாதுகாப்பான பாதையாகி விட்டது! ஓராண்டுக்கு மேல் விமானங்கள் போய் வந்தன.

1979 நவம்பர் 9ஆம் திகதி கப்டன் ஜிம் கொலின்ஸுக்கும் அவரது சகாக்களுக்கும் பயணம் பற்றி விளக்கமளிக்கப்பட்டது. அவர்களுக்குக் காட்டப்பட்டது அந்தப் பனிக்கடல் பாதை. 28ஆம் திகதி அவர்கள் புறப்பட வேண்டும். புறப்படுவதற்குச் சில மணித்தியாலங்களுக்கு முன்னர் அலுவலகத்தில் யாரோ இலக்கத்தைத் திருத்தினார்கள். திருத்தியது நல்ல நோக்கத்துடன்தான். ஆனால் திருத்தியதாக விமானிகளிடம் ஒருவரும் சொல்லவில்லை.

கீழே பனி, மேலே வெண்மேகம். எதிரேயிருந்த மலையும் வெள்ளை. வெளிச்சம் இருந்தும் மேடு தெரியாத அந்த நிலையில், கீழே தட்டையான கடல் என்று நம்பிய கொலின்ஸ் விமானத்தை 1,500 அடிக்கு இறக்கினார். விமானிகளுக்குத் தெரியாமலே கணனி அவர்களை எரிபஸ் மலையை நோக்கிக் கொண்டுபோய்க் கொண்டிருந்தது. 257 பேரும் இறந்தனர்.

1980இல் வெளிவந்த முதலாவது அறிக்கை விமானிகள் மீதே குற்றம் சுமத்தியது. கணவனை இழந்த துயரத்தோடு அவர் இத்தனை பேரைக் கொன்றவர் என்ற பழியையும் கொலின்ஸின் மனைவியும் பிள்ளைகளும் சுமந்தனர். நீதிபதி பீட்டர் மஹோன் தலைமையிலான ஆணைக்குழு 1981இல் அதை மறுத்தது. விமானிகளுக்கு அறிவிக்காமல் இடக்குறியை மாற்றியதே அடிப்படைக் காரணம் என்றது. அதன் பின்னரும் வழக்குகள், வாதங்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2019 நவம்பர் 28ஆம் திகதிதான் பிரதமர் ஜசிந்தா ஆர்டன் அரசாங்கத்தின் சார்பில் அக்குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டார். நாற்பது வருடம்! கைக்குழந்தையாக இருந்தவர்களும் நடுவயதை அடைந்திருப்பார்கள்.

சமூகவியல் படித்தவள் என்பதாலோ என்னவோ, இவற்றை வாசிக்கும்போது எனக்கு விமானத்தைவிட எமது கிராமங்களே அதிகம் ஞாபகத்துக்கு வந்தன. உதவிப் பட்டியல் ஒன்றில் கணவன் இறந்து மூன்று வருடமாகியும் அவர் பெயரே இருக்கும். மனைவி விதவை என்று பதியப்படாததால் அவளுக்குரியது வராது. இன்னோர் இடத்தில் பட்டியல் திருத்தப்பட்டிருக்கும், திருத்தியது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. பழைய விலாசத்துக்குப் போன கடிதம் பழைய விலாசத்திலேயே கிடக்கும். மாறாக, எமது மிட்வைஃப் மிஸ் ஒருவரின் கொப்பியைப் பாருங்கள். எந்த வீட்டில் புதுமணப்பெண், எந்த வீட்டில் ஏழாம் மாதம், எந்தக் குழந்தைக்கு ஊசி பிந்தியிருக்கிறது என்று மேடு ஏறி இறங்கி அவர் மாதாமாதம் எழுதுகிறார். பிரசவத்தில் தாய் இறப்பது இலங்கையில் அரிதாகிப் போனதில் வைத்தியசாலைக் கட்டிடங்களுக்கு உள்ள பங்கைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அந்தக் கொப்பியைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை.

வகுப்பில் கேள்வி கேட்ட சகோதரிக்கு நான் இவ்வளவையும் சொல்லவில்லை. பயணத்துக்கு முன்னர் விபத்துக் கதை கேட்க யாருக்குத்தான் விருப்பம்? "வானத்துக்கும் ஒரு கொப்பி இருக்கு, நாலு வாரத்துக்கு ஒருக்கா புதுசா எழுதுறாங்க, ப்ளேன் போக முதல் விமானி அதிலே திகதி பார்க்கணும்" என்று மட்டும் சொன்னேன். "திகதி முடிஞ்சிருந்தா?" என்றார் உடனே. நல்ல கேள்வி. அப்படியானால் ஒவ்வொரு விபரத்தையும் நடப்பிலுள்ள வரைபடத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பின்னரே, நிபந்தனைகளுடன், குறுகிய காலத்துக்குப் பறக்க அனுமதியுண்டு. சரிபார்க்க முடியாத பாதையை ஜீ.பீ.எஸ்.ஸை நம்பிப் பின்பற்றக் கூடாது.

28 நாள் கணக்கில் வருடத்துக்கு வழக்கமாகப் பதின்மூன்று தடவை இந்தப் பக்கம் புரளும். 2020இல் மட்டும் ஜனவரி 2 முதல் டிசம்பர் 31 வரை பதினான்கு தடவை புரண்டது. அதே ஆண்டில்தான் கொரோனாவினால் கட்டுநாயக்க மார்ச் 19ஆம் திகதி முதல் வருகைகளுக்கு மூடப்பட்டது. உலகெங்கும் விமானங்கள் வரிசையாக நிறுத்தி வைக்கப்பட்டன. வியாழக்கிழமைகள் மட்டும் நிற்கவில்லை. மே மாதத்தில் குவைத்திலிருந்து எமது தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு மீட்பு விமானங்கள் வந்தபோது, அந்த மாதத்துக்கான பக்கமும் எழுதப்பட்டு ஆயத்தமாகவே இருந்தது.